ஏட்டுப் படங்களின் பிரிதிறனும் அச்சளவும்: ‘புள்ளி இல்லை’ என்னும் பாடக்குறிப்பின் தகுதி

ஆய்வுச்சுருக்கம்

ஓலைச்சுவடி, கல்வெட்டு ஆகியவற்றின் எண்ணிமப் படங்கள் இன்று ஆய்வேடுகளிலும் ஆய்விதழ்களிலும் சான்றாக இணைக்கப்படுகின்றன. அப்படங்களை ‘300 டிபிஐ’ அளவில் அனுப்புமாறு இதழ்கள் கேட்கின்றன. இந்த எண் மட்டும் ஒரு படத்தைச் சான்றாக்கப் போதாது என்பதை இக்கட்டுரை கணக்கிட்டுக் காட்டுகிறது. மூல ஏட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல் அமைந்துள்ளது, அச்சில் ஏடு எத்தனை மடங்கு சுருங்கியுள்ளது என்னும் இரண்டும் தெரிந்தால்தான், ‘ஏட்டில் புள்ளி இல்லை’ என்ற குறிப்பு ஏற்கத்தக்கதா என்பதை முடிவுசெய்ய இயலும்.

திறவுச்சொற்கள்: ஓலைச்சுவடி, புள்ளி, பிரிதிறன், பிக்சல், அச்சளவு, மைப்படி, பாடவேறுபாடு.

முன்னுரை

சுவடிப் பதிப்புகளின் அடிக்குறிப்புகளில் ‘ஏட்டில் புள்ளி இல்லை’, ‘குறிலா நெடிலா என்பது தெளிவில்லை’ போன்ற குறிப்புகள் இடம்பெறுவது இயல்பு. ஏட்டைக் கையில் ஏந்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து அக்குறிப்புகளை எழுதிய தலைமுறையினர் இருந்தனர். இன்றைய ஆய்வாளர்கள் பலரும் ஏட்டைத் தொடுவதில்லை. கணினித் திரையிலோ கைப்பேசியிலோ படத்தைக் காண்கின்றனர். ஏடுகளின் நலன் கருதினால் அதுவே விரும்பத்தக்கது. எனினும் பாடக்குறிப்பின் மொழி மட்டும் மாறவில்லை. படத்தைப் பார்த்து எழுதும்போதும் ‘ஏட்டில் இல்லை’ என்றே எழுதுகிறோம்.

இக்கட்டுரையாளரின் எம்.ஃபில். ஆய்வேட்டில் ஏட்டுப் படம் ஒன்று பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தது. வாய்மொழித் தேர்வில், அதிலுள்ள ஒரு வினைமுற்றின் ஈற்றெழுத்துக்குப் புள்ளி உண்டா என்று தேர்வாளர் வினவினார். அச்சிட்ட பக்கத்தில் அந்த இடம் மங்கிய பழுப்பு நிறமாக மட்டுமே இருந்தது. ‘இல்லை’ என்று விடையளிக்கப்பட்டது. அப்படம் வாட்சப் வழியே பெறப்பட்டிருந்தது. சில மாதங்களுக்குப் பின் ஏட்டை நேரில் காணும் வாய்ப்புக் கிடைத்தபோது, அந்த இடத்தில் எழுத்தாணியால் மெல்லக் குத்திய புள்ளி இருந்தது. அது பொய்யுரை அன்று. ஆயினும் பிழையான சான்றுரை. அந்தப் பிழை எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று ஆராய்ந்ததன் விளைவே இக்கட்டுரை.

தமிழ் எழுத்துமுறையில் இச்சிக்கல் பிற பல எழுத்துமுறைகளைக் காட்டிலும் கூர்மையானது. மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பிய நூன்மரபு கூறுகிறது. நடைமுறையில் ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஒற்றைக்கொம்பே குறிலுக்கும் நெடிலுக்கும் பயன்பட்டது. காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. எனவே ‘எரி’, ‘ஏரி’ இரண்டும் ஏட்டில் ஒன்றே. ‘வருவன’ என்று இருப்பதை வருவன என்றும் வருவன் என்றும் படிக்கலாம். ஒரு புள்ளியின் உண்மை இன்மையால் திணையே மாறிவிடும். பொதுவாகப் புள்ளி இடாத ஏட்டில் ஓரிடத்தில் மட்டும் புள்ளி காணப்படுமானால், அது எழுதியவரோ பின்னர்ப் படித்தவரோ வேண்டுமென்றே விட்டுச்சென்ற தடயம். அத்தகைய தடயத்தைத்தான் குறைந்த பிரிதிறனுள்ள படம் முதலில் இழக்கிறது.

புள்ளி என்னும் சொல்லும் அளவைச் சொற்களும்

ரெசல்யூஷன் எனக் கணினி வழக்கில் கூறப்படுவதை இக்கட்டுரை பிரிதிறன் என்று குறிக்கிறது. அடுத்தடுத்துள்ள இரு நுண்கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஆற்றல் என்பது அதன் பொருள். பிக்சலுக்குப் படப்புள்ளி என்ற சொல்லும் வழங்குகிறது. ஆனால் இக்கட்டுரையில் எழுத்தின் புள்ளி ஒன்று, அச்சுத்தாளில் விழும் மைப்புள்ளி ஒன்று, சாம்பல் நிறத்தைக் காட்ட ஆப்செட் அச்சு உருவாக்கும் வலைப்புள்ளி ஒன்று என ஏற்கெனவே மூன்று புள்ளிகள் உள்ளன. நான்காவதும் சேர்ந்தால் குழப்பம் மிகும் என்பதால் பிக்சல் என்றே இங்கு ஆளப்படுகிறது.

டிபிஐ என்பது அச்சுப்பொறி ஓர் அங்குலத்தில் இடும் மைப்புள்ளிகளின் எண்ணிக்கை. பிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் அமையும் பிக்சல்களின் எண்ணிக்கை. எல்பிஐ என்பது ஓர் அங்குலத்தில் அமையும் வலைப்புள்ளி வரிசைகளின் எண்ணிக்கை. இதழ்களின் அறிவிப்புகளில் ‘300 டிபிஐ’ என்று வருவது பெரும்பாலும் பிபிஐ என்ற பொருளிலேயே. வழக்கில் கலந்துவிட்ட இச்சொற்களைத் திருத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

படக்கோப்பின் உள்ளே ‘72’ அல்லது ‘300’ என்று எழுதப்பட்டிருக்கும் எண் ஒரு சீட்டு மட்டுமே. அதுவே படத்தின் பிரிதிறன் ஆகாது. 4032 × 3024 பிக்சல் கொண்ட கைப்பேசிப் படத்தில் 72 என்ற சீட்டு இருந்தால், அதை அச்சிடும் மென்பொருள் 56 அங்குல நீளத்திற்கு, அதாவது ஏறத்தாழ 142 செ.மீ.க்கு, விரிக்கும். அதே கோப்பின் சீட்டை 300 என மாற்றினால் நீளம் 13.44 அங்குலம், அதாவது 34 செ.மீ. ஆகும். இரண்டிலும் பிக்சல்கள் அவையே. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. ‘300 டிபிஐயில் அனுப்புக’ என்ற கடிதம் வந்ததும் சீட்டை மட்டும் திருத்தி அனுப்பிவிட்டு, நிபந்தனை நிறைவேறியது என்று ஆய்வாளரும் இதழாசிரியரும் நிறைவுகொள்வது வழக்கமாகிவிட்டது.

கணக்கு எளியது. அச்சில் படத்தின் நீளம், பிக்சல் எண்ணிக்கையை அங்குலத்திற்கான பிக்சலால் வகுக்கக் கிடைக்கும். 300 என்ற எண்ணுக்கு இரண்டு அடிப்படைகள் உள்ளன. முதலாவது கண்ணைச் சார்ந்தது. 30 செ.மீ. தொலைவில் வைத்துப் படிக்கும்போது, இயல்பான பார்வை பிரித்தறியும் மிகச்சிறு அளவு ஏறத்தாழ 0.087 மி.மீ.; ஓர் அங்குலத்தில் அத்தகையவை 290 அளவில் அடங்கும். இரண்டாவது அச்சைச் சார்ந்தது. நல்ல தாளில் ஆப்செட் அச்சு 150 எல்பிஐ அளவில் வலையிடுகிறது. ஒரு வலைப்புள்ளிக்கு நீளவாக்கில் இரண்டு பிக்சல் என்பது அச்சகத்தார் கைக்கொள்ளும் விதி. ஆக 300 என்பது தாளைப் பற்றிய அளவு. ஏட்டைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை.

ஓர் ஏட்டின் கணக்கு

40 செ.மீ. நீளமும் 3.5 செ.மீ. அகலமும் உள்ள ஓர் ஏட்டை எடுத்துக்கொள்வோம். எழுத்தின் உயரம் 3 மி.மீ., கீறலின் தடிமன் 0.2 மி.மீ., புள்ளியின் விட்டம் 0.3 மி.மீ. எனக் கொள்வோம். ஏட்டுக்கு ஏடு இவை மாறும். கணக்குக் காட்டும் முறை மாறாது.

முழு ஏடும் அடங்குமாறு மேற்கூறிய கைப்பேசியால் ஒரே படமாக எடுத்தால், 400 மி.மீ. நீளத்தின்மீது 4032 பிக்சல்கள் பரவுகின்றன. மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 10 பிக்சல். அங்குலக் கணக்கில் 256. கீறலுக்கு 2 பிக்சலும் புள்ளிக்கு 3 பிக்சலும் கிடைக்கும். குவியம் சரியாக அமைந்து கையும் நடுங்காதிருந்தால் புள்ளி தெரியும். இல்லையேல் ஓலையின் நரம்போ பூச்சித்துளையோ புள்ளியோ என்று பிரித்தறிய இயலாது.

இனி இப்படத்தை 14 செ.மீ. அகலமுள்ள டெம்மி அளவு இதழில் அச்சிடுவோம். எழுத்துப்பரப்பின் அகலம் 11.5 செ.மீ. எனக் கொண்டால், முழு ஏடும் அந்த அகலத்திற்குள் சுருங்க வேண்டும். அச்சிட்ட படத்தின் பிரிதிறன் அங்குலத்திற்கு 890 பிக்சல் ஆகிறது. இதழ் கேட்டதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. நிபந்தனையின்படி இது மிகச் சிறந்த படம். ஆனால் ஏடு 40 செ.மீ.யிலிருந்து 11.5 செ.மீ.யாக, அதாவது 0.29 மடங்காகச் சுருங்கிவிட்டது. 3 மி.மீ. எழுத்து 0.86 மி.மீ. ஆகிறது, 0.3 மி.மீ. புள்ளி 0.086 மி.மீ. ஆகிறது. இது கண் பிரித்தறியும் எல்லையில் நிற்கும் அளவு. 150 எல்பிஐ அச்சில் ஒரு வலைப்புள்ளியின் கட்டம் 0.17 மி.மீ. என்பதால், எழுத்தின் புள்ளி அதில் பாதிக் கட்டத்தை மட்டுமே நிரப்பும். ஓலையின் பழுப்பு நிறத்திற்கு இடப்படும் வலைப்புள்ளிகளிலிருந்து அதை வேறுபடுத்த எவராலும் முடியாது. படத்தில் பிக்சல் மிகுதியாக இருந்தும் பக்கத்தில் எழுத்து இல்லாமற்போவது இவ்வாறே.

இதே படத்தை மூன்று துண்டுகளாக வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு துண்டும் ஏட்டின் 13.3 செ.மீ. நீளத்தைக் காட்டும், 1344 பிக்சல் கொண்டிருக்கும். 11.5 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்திற்கு 297 பிக்சல். முன்னதன் மூன்றில் ஒரு பங்கே. கண்டிப்பான இதழாசிரியர் ‘300 இல்லை’ என்று திருப்பி அனுப்பவும் கூடும். ஆனால் ஏடு 0.86 மடங்கு அளவில் நிற்கிறது. எழுத்து 2.6 மி.மீ., புள்ளி 0.26 மி.மீ.; அதாவது ஒன்றரை வலைக்கட்டம். புள்ளி மங்கலாகவேனும் தெரியும். மூன்று துண்டுகளின் மொத்த உயரம் 9 செ.மீ. அளவிலேயே இருப்பதால் ஒரு பக்கத்திற்குள் விளக்கக்குறிப்புடன் அடங்கிவிடும்.

தொடக்கத்திலேயே ஏட்டை மூன்று பகுதிகளாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியுமாறு, தனித்தனிப் படங்களாக எடுப்பது இன்னும் நன்று. ஒரு படம் 14 செ.மீ. நீளத்தைக் காட்டினால் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 29 பிக்சல் கிடைக்கும். புள்ளிக்கு 8 பிக்சலுக்கு மேல் அமையும். அச்சில் அவ்வளவும் வெளிப்படாது. ஆனால் ஐயம் எழும்போது மூலக்கோப்பைப் பெரிதாக்கிப் பார்க்க அவை உதவும். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. பொறுமையும், கைப்பேசியை நிலையாக நிறுத்த ஒரு தாங்கியும் போதும்.

வாட்சப் வழியே பெற்ற படத்திற்கு வருவோம். வழக்கமான முறையில் அனுப்பப்படும் படத்தின் நீளவாக்குப் பிக்சல்களை அச்செயலி ஏறத்தாழ 1600 ஆகக் குறைக்கிறது. 400 மி.மீ. ஏட்டிற்கு மில்லிமீட்டருக்கு 4 பிக்சல், புள்ளிக்கு 1.2 பிக்சல். அதன்பின் ஜேபெக் சுருக்கம் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பகுத்து நுண்விவரங்களைக் களைகிறது. அடுத்துள்ள ஓலை நிறத்தோடு ஒரு பிக்சல் புள்ளி கலந்து மறைவது வியப்பன்று. இக்கட்டுரையாளரின் ஆய்வேட்டில் நேர்ந்ததும் இதுவே. படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லியிருந்தால் மூலக்கோப்பு சுருங்காமல் வந்திருக்கும்.

‘நன்று’ எனப்படும் படமும் காட்டாத புள்ளியும்

நூலகப் படமாக்கத்தில் எழுத்தின் அளவோடு பிரிதிறனை இணைத்துப் பார்க்கும் முயற்சிகள் முன்னரே நிகழ்ந்துள்ளன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்த ஆனி கென்னி, ஸ்டீபன் சாப்மன் ஆகியோர் 1990களில், நுண்படச் சுருள்களுக்கு வழங்கிய தரக்குறியீட்டு முறையை எண்ணிமப் படங்களுக்குப் பொருந்துமாறு அமைத்தனர். ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஈ’யின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து, 0.039 ஆலும் பிரிதிறனாலும் பெருக்கி, சாம்பல்நிறப் படமாயின் 2 ஆலும், கறுப்பு வெள்ளை மட்டும் உள்ள படமாயின் 3 ஆலும் வகுக்க வேண்டும். விடை 8 ஆயின் மிகச் சிறப்பு, 5 ஆயின் நன்று, 3.6 ஆயின் ஓரளவு. 3 ஆயின் அரிதிற் படிக்கலாம். எழுத்தின் அளவிலிருந்து தொடங்குவதால் இம்முறை ‘300 டிபிஐ’ என்ற ஒற்றை எண்ணைவிடப் பெரிதும் மேலானது.

எனினும் மேற்கூறிய ஏட்டிற்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு குறை வெளிப்படுகிறது. 3 மி.மீ. எழுத்து, 256 பிரிதிறன், சாம்பல்நிறப் படம் என்றால் விடை ஏறத்தாழ 15. மிகச் சிறப்பு என்னும் எல்லையை இருமடங்கு அளவில் தாண்டுகிறது. ஆனால் புள்ளிக்குக் கிடைப்பது 3 பிக்சலே. வாட்சப் படத்தின் பிரிதிறன் ஏறத்தாழ 102. அதற்கு விடை 5.9. ‘நன்று’ என்றே தீர்ப்பு வரும். அப்படத்தில் புள்ளியே இல்லை.

குறை கணக்கில் இல்லை. கணக்கு எந்த எழுத்தைக் கருதிச் செய்யப்பட்டதோ அதில் உள்ளது. ரோமானிய எழுத்தில் ஓர் எழுத்தை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் கூறு பெரும்பாலும் எழுத்துடலின் பெரும்பகுதி. தமிழ் ஏட்டிலோ எழுத்துடல் முழுவதும் தெளிவாகத் தெரிந்தும், அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள புள்ளி தெரியாவிட்டால் மெய்யா உயிர்மெய்யா என்பது தெரியாது. ஆகவே தமிழ்ச் சுவடிக்கு அளவுகோல் எழுத்தின் உயரமாக இருத்தல் கூடாது. பொருள் வேறுபடுத்தும் மிகச்சிறு கூறே அளவுகோலாதல் வேண்டும். புள்ளிக்குக் குறைந்தது 3 பிக்சல், ஐயமற நிற்க 5 பிக்சல் என்பது இக்கட்டுரையாளர் பரிந்துரைக்கும் எல்லை. 0.3 மி.மீ. புள்ளிக்கு 5 பிக்சல் வேண்டுமாயின் ஏட்டின்மீது மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 17 பிக்சல், அதாவது அங்குலத்திற்கு 420 அளவில் அமைய வேண்டும்.

அந்த எல்லைக்கு மேலுள்ள படத்தைப் பார்த்து ஒருவர் ‘புள்ளி இல்லை’ என்று எழுதினால் அது ஏட்டைப் பற்றிய கூற்று. எல்லைக்குக் கீழுள்ள படத்தைப் பார்த்து எழுதினால் அது படத்தைப் பற்றிய கூற்று மட்டுமே. ‘படத்தில் தெரியவில்லை’ என்பதே நேர்மையான வாய்பாடு. இவ்விரண்டையும் ஒன்றாக எழுதுவதால், பின்வரும் பதிப்பாசிரியர் படத்தின் குறையை ஏட்டின் பாடமாக ஏற்றுக்கொள்கிறார். உண்மையைக் காட்டும் படத்தைவிட இன்மைக்குச் சான்றாகும் படத்துக்குத் தகுதி கூடுதலாக வேண்டும். புள்ளி தெரிந்தால் மங்கிய படமும் சான்றுதான். புள்ளி தெரியவில்லை என்றால்தான் படத்தையே விசாரிக்க வேண்டியுள்ளது.

இக்கணக்கு பழைய அச்சு நூல்களுக்கும் பொருந்தும். 1887இல் வெளிவந்த கலித்தொகை, சீவக சிந்தாமணி ஆகியவற்றின் முதற்பதிப்புகளைப் போன்ற நூல்களை இன்று பலரும் பிடிஎஃப் வடிவிலேயே பயில்கின்றனர். அச்செழுத்தின் புள்ளி 0.4 மி.மீ. எனக் கொண்டால், 300 பிபிஐ வருடலில் அதற்கு 4.7 பிக்சல், 150இல் 2.4, 72இல் ஒன்றே. அச்சு நூலில் சொற்சூழலால் பிழையை உணர்ந்து திருத்திக்கொள்ள முடிகிறது என்பதால் இழப்பு பெரிதாகத் தெரிவதில்லை.

கல்வெட்டுப் படங்கள்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ள திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் சோழர்காலக் கல்வெட்டுகள் உள்ளன. சென்னையின் மேற்குப் புறநகர்க் கல்லூரிகளின் தமிழ், வரலாற்று மாணவர்களுக்குக் கல்வெட்டுப் படிக்கப் பழக இத்தகைய கோயில்களே அருகில் உள்ள களம். அவர்கள் எடுத்துவரும் படங்களில் சிக்கல் ஏட்டுப் படங்களின் சிக்கலுக்கு நேர்மாறானது. 2 மீட்டர் நீளச் சுவரை ஒரே படத்தில் அடக்கினாலும் மில்லிமீட்டருக்கு 2 பிக்சல் கிடைக்கும், 2.5 செ.மீ. எழுத்துக்கு 50 பிக்சல், 3 மி.மீ. வெட்டுக்கு 6 பிக்சல். திரையில் எளிதாகப் படிக்கலாம். அதையே 11.5 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் பதினேழில் ஒரு பங்கிற்கும் கீழாகச் சுருங்கி, எழுத்து 1.4 மி.மீ. ஆகிவிடும். கல்லின் சொரசொரப்பும் சுண்ணாம்புத் தடமும் சேர்ந்து அதைப் படிக்கவிடா. வரி வரியாகப் பகுத்து அச்சிடுவதே இங்கும் வழி.

கல்லில் வேறோர் இடரும் உண்டு. ஏட்டில் உள்ள புள்ளி படத்தில் மறைகிறது. கல்லில் இல்லாத புள்ளி படத்தில் தோன்றுகிறது. பாறையின் இயற்கைக் குழிகள் புள்ளிபோல் காட்சியளிப்பது தமிழ்-பிராமிக் கல்வெட்டு வாசிப்பில் கல்வெட்டறிஞர்கள் நன்கறிந்த இடர்ப்பாடு. பிக்சலைக் கூட்டுவதால் இது தீராது. விளக்கை ஒருமுறை இடப்புறமிருந்தும் ஒருமுறை மேற்புறமிருந்தும் சாய்வாகப் பாய்ச்சி இரு படங்கள் எடுத்தால், உளியால் வெட்டிய குழியின் விளிம்பும் இயற்கைக் குழியின் விளிம்பும் நிழலில் வேறுபடக் காணலாம். ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட தொல்தமிழ்க் கல்வெட்டுப் பெருநூலில் மைப்படிகளோடு வரைபடிகளையும் தந்திருப்பது இவ்வகையில் எண்ணத்தக்கது. மைப்படி கல் காட்டுவதை எல்லாம் காட்டும். வரைபடி அறிஞர் எதை எழுத்தென்று கொண்டார் என்பதைக் காட்டும். இரண்டையும் அருகருகே வைத்தால் வாசகர் தாமே தீர்ப்பளிக்கலாம்.

மைப்படிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஈரத்தாளைக் கல்லின்மீது ஒட்டித் தூரிகையால் தட்டி மை ஒற்றி எடுப்பதால் அது கல்லின் அளவே ஆகும். அதைச் சுருக்கி அச்சிட்டவர்கள் சுருக்கத்தை மறைக்கவில்லை. எபிகிராபியா இண்டிகாவின் பழைய படத்தகடுகள், லண்டனில் கிரிக்ஸ் அச்சகத்தில் ஒளிக்கல்லச்சு முறையில் உருவானவை உட்பட, ‘மூன்றில் ஒரு பங்கு’, ‘பத்தில் ஒரு பங்கு’ என்பதுபோல் அளவு விகிதத்தைத் தகட்டின் ஓரத்திலேயே குறித்தன. நூற்றாண்டு கடந்தும் அத்தகட்டிலிருந்து எழுத்தின் உண்மை உயரத்தை அளந்தறிய முடிகிறது. எண்ணிமப் படம் வந்தபின் நாம் கைவிட்டது அந்தச் சிறு குறிப்பைத்தான். திரையில் விரல்களால் விரித்துச் சுருக்கப் பழகிவிட்டதால், படத்துக்கு அளவென்று ஒன்று உண்டு என்பதே மறந்துவிட்டது போலும். அச்சுக்கு வரும்போது அந்த மறதி வெளிப்படுகிறது.

கட்டுரையிலிருந்து தாளுக்கு

படம் நன்றாக எடுக்கப்பட்டிருந்தும் அச்சுக்குச் செல்லும் வழியில் தரம் இழக்கும் இடங்கள் சில உள்ளன. அவற்றுள் முதன்மையானது வேர்டு கோப்பு. கட்டுரையில் ஒட்டப்பட்ட படத்தை, கோப்பைச் சேமிக்கும்போதே, பக்கத்தில் அது தோன்றும் அளவிற்கு ஏற்ப 220 பிபிஐ ஆகச் சுருக்குவது அம்மென்பொருளின் பல பதிப்புகளில் இயல்பான அமைப்பு. ஆய்வாளர் படத்தைச் சிறிதாக்கி ஒட்டிச் சேமித்துவிட்டால், இதழாசிரியர் பின்னர் அதைப் பெரிதாக்க விரும்பினாலும் பழைய பிக்சல்கள் அதில் இரா. படங்களைக் கட்டுரைக் கோப்போடு ஒட்டாமல் தனிக்கோப்புகளாகக் கேட்டுப் பெறுவது இதழ்களின் கடமை.

ஆய்வேடுகளின் நிலை இதழ்களைவிட இரங்கத்தக்கது. இதழ்கள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ சிவகாசியிலோ ஆப்செட்டில் அச்சாகலாம். ஆய்வேடுகள் கல்லூரி அருகிலுள்ள கடையில் லேசர் அச்சுப்பொறியில் உருவாகின்றன. 600 டிபிஐ லேசர் பொறி சாம்பல் நிறங்களைக் காட்ட மைப்புள்ளிகளை ஏழுக்கு ஏழு போன்ற கட்டங்களாகத் தொகுக்கிறது; ஒரு கட்டத்தின் அளவு 0.3 மி.மீ. அளவில் அமையும். எனவே மேற்கூறிய மூன்று துண்டு அமைப்பிலும் புள்ளி அதில் மறையக்கூடும். ஆய்வேட்டில் ஏட்டுப் படத்தை மூல அளவிற்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை மடங்காகப் பெரிதாக்கி, விவாதத்துக்குரிய சொல்லை மட்டும் மும்மடங்கில் தனியே தருதல் வேண்டும். கைவரைபடியாயின் கறுப்பு வெள்ளை மட்டும் உள்ள கோப்பாக 600 அல்லது 1200 பிபிஐயில் வருடினால் வலையிடல் இன்றிக் கோடுகள் கூர்மையாக விழும். ஏட்டுப் படத்தையே அவ்வாறு கறுப்பு வெள்ளையாக மாற்றுவது மட்டும் தவிர்க்கத்தக்கது. எந்தச் சாம்பலைக் கறுப்பென்று கொள்வது என்பதை மென்பொருளே முடிவுசெய்யும், மெல்லிய கீறல்கள் வெள்ளையாகிவிடும்.

அண்மையில் மற்றொரு பழக்கமும் புகுந்துள்ளது. மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் இட்டுத் தெளிவாக்கி இணைக்கின்றனர். பிக்சலை வெறுமனே பெருக்கும் பழைய முறை, அருகருகே உள்ள நிறங்களின் சராசரியை இடைவெளியில் நிரப்பியது. படம் பெரிதாயிற்று, விவரம் கூடவில்லை, பொய்யும் கூடவில்லை. புதிய செயலிகள் தாம் முன்பு பயின்ற படங்களின் சாயலில், இருக்கக்கூடிய வடிவம் ஒன்றை ஊகித்து வரைகின்றன. முகப்படத்தில் அது அழகு. ஏட்டுப் படத்தில் அது, ஏடு எழுதியவரும் இடாத, பதிப்பாசிரியரும் கருதாத ஒரு கோட்டை எழுத்தில் சேர்ப்பது. உ.வே.சாமிநாதையர் போன்றோர் ஒரு பாடத்தை ஊகித்தால் அதை ஊகமென்று குறிப்பிடும் நெறியைப் பதிப்புத்துறைக்கு விட்டுச் சென்றனர். செயலியின் ஊகத்துக்கு அடிக்குறிப்பு இல்லை. அத்தகைய படத்தைச் சான்றாக இணைப்பதைவிட மங்கிய மூலப்படத்தை அப்படியே தருவது ஆய்வு நெறிக்கு உகந்தது.

இதழ்கள் ‘300 டிபிஐ’ என்ற தொடரை நீக்க வேண்டியதில்லை. அது தாளுக்கு வேண்டிய அளவு. அதனோடு படத்தின் கீழ் ஒரு வரியைக் கட்டாயமாக்கினால் போதும். படமெடுக்கும்போது ஏட்டின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுகோலை வைத்து, ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை பிக்சல் என்று திரையில் எண்ணிவிட்டால் அந்த வரியை எழுத இரண்டு நிமிடமே ஆகும். மேற்கண்ட கணக்கிலுள்ள ஏட்டின் படத்துக்கு அவ்வரி இவ்வாறு அமையும்: ‘ஏடு 40 × 3.5 செ.மீ.; மூன்று தனிப்படங்கள்; மூலத்தில் மி.மீ.க்கு 29 பிக்சல். அச்சில் மூல அளவின் 0.82 மடங்கு, படம் செயலியால் தெளிவாக்கப்படவில்லை, மூன்றாம் வரி ஈற்றில் புள்ளி இல்லை.’